துணிக்கடை மாடியில் மூன்று பேர்

கூட்டாளிகளே, போன வாரம் நம் பள்ளிக்கூடக் குழுவில் ஒரு படம் வந்தது. கடைத்தெருவில் புதிதாகத் திறந்திருக்கும் ஹோட்டலின் வாசலில் பித்தளைப் பலகை ஒன்று மாட்டியிருக்கிறார்கள். மூன்று மொழியிலும் எழுதியிருக்கிறது. ‘ஒரு காலத்தில் இந்நகரில் செழித்து வாழ்ந்த யூத சமூகத்தின் ஜெபாலயம் இக்கட்டடத்தின் மேல்மாடியில் அமைந்திருந்தது.’ படத்துக்குக் கீழே உங்களில் முப்பது பேர் கைகூப்பியிருந்தீர்கள். டொரண்டோவில் இருப்பவர், நம் ஊருக்கே பெருமை என்று எழுதினார். வத்தளையில் இருப்பவர், அந்த நல்ல மனிதர்களை மறக்க முடியுமா என்று எழுதினார்.

மறந்துதான் இருந்தீர்கள். நானும் மறந்ததுபோல் நடித்துக்கொண்டிருந்தேன். ஐம்பத்தைந்து வருடங்களாக உங்களில் ஒருவர்கூட, கீழே துணிக்கடை இருந்த அந்த மாடியைப் பற்றி வாய் திறந்ததில்லை. யாரோ ஒரு ஹோட்டல்காரர் பலகை மாட்டியதும் எல்லாருக்கும் கண் கலங்கிவிட்டது. எனக்கு அறுபத்தேழு முடியப்போகிறது. இனி யாருக்கும் பயந்து எழுத வேண்டியதில்லை. படித்துவிட்டுக் கைகூப்ப மட்டும் வேண்டாம்.

செழித்து வாழ்ந்த சமூகம் என்பது மூன்று பேர். பல் டாக்டர், அவர் மனைவி, மனைவியின் அண்ணன். அவ்வளவுதான். வருடத்தில் இரண்டு பண்டிகைக்கு வெளியிலிருந்து சிலர் வருவார்கள். வட்டகொடைப் பக்கத்தில் ஒரு தோட்டத்து ஸ்டோரில் தேயிலை அரைக்கிற மெஷின்களைப் பார்த்துக்கொண்டிருந்த எஞ்சினியரும் அவர் மகனும், கண்டியிலிருந்து ஒரு கிழவர், அவரோடு ஒன்றிரண்டு பேர். அவர்கள் முறைப்படி சேர்ந்து ஜெபம் செய்யப் பத்து ஆண்கள் வேண்டுமாம். ஏழுக்கு மேல் கூடி நான் கண்டதில்லை. ஆகவே ஜெபாலயமும் கிடையாது. இருந்தது ஒரு சாப்பாட்டு மேசை, வெள்ளைத் துணி, இரண்டு மெழுகுவர்த்தி.

அவர்கள் எப்படி இங்கே வந்தார்கள் என்பதற்கு ஊரில் பல கதைகள் இருந்தன. எல்லாமே படித்தவர்கள் சொன்னவை. எங்கள் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் யாழ்ப்பாணத்துக்காரர், தினமும் ஆங்கிலப் பேப்பர் வாசிப்பவர். அவர்கள் ஹிட்லரின் உளவாளிகள் என்று அவர் சொன்னார். ஹிட்லரிடமிருந்து தப்பி வந்தவர்களைப் பற்றி, ஹிட்லர் செத்து இருபது வருடத்துக்கு மேலான பிறகு. டவுன் பள்ளிக்கூடத்தில் நமக்கு வேதம் சொல்லித்தந்த டீச்சர், அந்த மாடிப்படிப் பக்கம் போனால் சிலுவைக் குறி போடச் சொன்னார். நீங்களும் போட்டீர்கள். இந்துப் பிள்ளைகளும் போட்டீர்கள்.

உண்மையை டாக்டர் வீட்டு அம்மா என் அத்தையிடம் சொல்லி, அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர்கள் ஊரில் முதலில் வேலையைப் பறித்தார்கள், பிறகு வீட்டை, பிறகு இந்த நாட்டுக்காரன் என்ற பெயரை. கிழக்கே போகிற கப்பல் ஒன்றில் இடம் கிடைத்து ஏறி வந்தவர்கள், போக நினைத்தது வேறு எங்கோ, இறக்கிவிட்டது கொழும்பில். யுத்தம் தொடங்கியதும் வெள்ளைக்காரன் அவர்களைப் பிடித்து முகாமில் அடைத்தான். கையில் இருந்தது ஜெர்மன் பாஸ்போர்ட் அல்லவா. விரட்டியவனும் விரட்டப்பட்டவனும் ஒரே முள்வேலிக்குள். வெளியே விட்ட பிறகும், அங்கே படித்த பல் வைத்தியம் இங்கே செல்லாது என்றார்கள். பிறகு மலையில் ஒரு பெரிய துரைக்குப் பல் வலித்தது. படிப்பு செல்லுபடியாகிவிட்டது.

அந்தத் துரைமார்களின் கிளப்புக்குள் டாக்டரைக் கடைசிவரை விடவில்லை. வாயைத் திறந்து காட்டுவார்கள், வாசலைத் திறக்க மாட்டார்கள். மனைவியின் அண்ணன் மட்டும் உள்ளே போவார், பின்வாசல் வழியாக. அவர் வேலை பியானோ திருத்துவது. இந்த ஈரத்தில் பியானோ மூன்று மாதத்துக்கு ஒருமுறை இருமத் தொடங்கிவிடும் என்று சொல்வாராம். ஒல்லியான மனிதர், தோளில் ஒரு தோல்பை. அதற்குள் சுத்தியலும் சாவிகளும் கிணுகிணுக்கும். ஊரில் யார் எதிரே வந்தாலும் ஒதுங்கி ஓடைப் பக்கமாக நிற்பார். பியானோக்காரர் என்றுதான் கூப்பிட்டோம். அவர் குரலை நான் கேட்டது ஒரே ஒரு தடவை.

நான் முதன்முதலில் அந்தப் படியேறியது பத்து வயதில், கடைவாய்ப் பல் வீங்கி. அத்தை கூட்டிப்போனாள். அத்தை என்றால் அப்பாவின் தங்கை. கொழுந்தெடுப்பவள். மாமா மண்சரிவில் செத்து, தோட்டத்துக்குக் கீழே ஆற்றோரத்தில் புதைத்திருந்தது. சின்னப் பையன்கள் இருவர். கீழ் லயத்து வரிசையில் கடைசிக் காம்பிரா, ஒரே ஒரு அறை, அவளுக்கு. என் அப்பா தோட்டப் பள்ளிக்கூட வாத்தியார். எங்களுக்குத் தனி வீடு, தகரக் கூரைக்கு வர்ணம்கூட அடித்திருந்தது.

டாக்டர் வெள்ளிக்கிழமை பின்னேரத்திலிருந்து சனிக்கிழமை முடியும்வரை கதவைத் திறக்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை திறப்பார். சனிக்கிழமை வேலை செய்யாத சோம்பேறி என்றும், ஞாயிற்றுக்கிழமை வேலை செய்கிற பாவி என்றும் ஒரே ஆட்களே சொன்னார்கள். தோட்டத்து ஆட்களுக்கோ பெரட்டும் வேலையும் இல்லாத ஒரே நாள் ஞாயிறு. அதனால் அந்த மாடிப்படி ஞாயிற்றுக்கிழமைகளில் நம் ஆட்களால் நிறைந்திருக்கும். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கீழே துணிக்கடையின் புதுச்சீலை வாசனையும் மேலே கராம்பு எண்ணெய் வாசனையும் கலந்த அந்தப் படியில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள்.

டாக்டர் பல் குடைகிற கருவியைக் காலால் மிதித்துச் சுற்றுவார், தையல் மெஷின் மாதிரி. உயரமான மனிதர், குனிந்து குனிந்து முதுகு வளைந்துவிட்டது. அவர் தமிழ் முழுவதும் நோயாளிகளிடம் கற்றது. அதனால் வாய், வலி, ரத்தம், துப்பு, பயம் ஆகியவற்றைச் சுற்றித்தான் அவருக்குச் சொற்கள் இருந்தன. அதற்கு வெளியே பேச வேண்டி வந்தால் திண்டாடுவார்.

“வாயத் தொறங்க. நாக்க மடக்காதீங்க. பயம் வேணாங்க, பயந்தாத்தான் வலிக்கும்,” என்று பத்து வயதுச் சிறுமிக்கு ‘ங்க’ போட்டுப் பேசிய முதல் பெரியவர் அவர்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த நேரத்தில் பல் கையோடு வந்துவிட்டது.

உள்ளே டாக்டர் வீட்டு அம்மா எனக்கு உப்புத்தண்ணீர் கொடுத்தார். அத்தையை நாற்காலியில் உட்காரச் சொன்னார். அத்தை தரையில் உட்காரப் போனாள். அந்த அம்மா விடவில்லை, தானும் தரையில் உட்கார ஆரம்பித்தார். அதற்குப் பிறகுதான் அத்தை நாற்காலிக்கு வந்தாள். அவருக்குத் தமிழ் வராது, அத்தைக்கு இங்கிலீஷ் வராது. இரண்டு பேருக்கும் கடைத்தெருச் சிங்களம் கொஞ்சம் வரும். அத்தையின் பாட்டன் திருச்சிப் பக்கத்திலிருந்து நடந்து வந்தவர். இந்த அம்மா எங்கோ பனி பெய்கிற ஊரிலிருந்து வந்தவர். இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத பாஷையில் அவர்கள் மணிக்கணக்காகப் பேசினார்கள். அதன் பிறகு ஞாயிறு தவறாமல் அத்தை கீரையும் பீர்க்கங்காயும் கொண்டுபோவாள். நானும் ஒட்டிக்கொண்டு போவேன். புளிப்பில்லாத அப்பளம் மாதிரி ஒரு ரொட்டி கொடுப்பார்கள், வருடத்தில் ஒரு வாரம் மட்டும். வாயில் போட்டால் காகிதம் மென்றது போல இருக்கும். ருசியில்லை என்று நான் சொன்னதற்கு அந்த அம்மா தலையை ஆட்டி, ருசியில்லைதான் என்று சிங்களத்தில் ஒத்துக்கொண்டார்.

அடுத்த வருடம் ஃபாரம் காலம் வந்தது. உங்களில் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு நினைவிருக்கும். இரண்டு அரசாங்கங்கள் கையெழுத்துப் போட்டு நம்மைப் பங்கு பிரித்திருந்தன. இந்தியாவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு ஃபாரம், இங்கேயே பிரஜாவுரிமை கேட்கிறவர்களுக்கு ஒரு ஃபாரம். அதுவரை நாம் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத ஆட்கள். எங்கள் தோட்டத்தில் பெரிய கிளாக்கரை விட்டால் இங்கிலீஷ் எழுதத் தெரிந்தவர் அப்பா ஒருவர்தான். பள்ளிக்கூட மேசையில் உட்கார்ந்து எல்லாருக்கும் எழுதிக்கொடுத்தார். அந்த இரண்டு மாதம் அவர் நடந்த நடையே வேறு. கோட்டு போட்டுக்கொண்டார். தலையாட்டித்தான் பதில் சொன்னார்.

ஆள் ஆளாக இந்தியா ஃபாரத்தில் பெருவிரல் வைக்கச் சொன்னார். நமக்கென்று ஒரு நாடு இருக்கும்போது இங்கே எதற்குக் கிடக்க வேண்டும், அங்கே வீடு தருவார்கள், நிலம் தருவார்கள் என்று பேசினார். நன்றாகப் பேசுவார். கேட்டு அழுதவர்கள் உண்டு. ஒருநாள் தோட்டக் கமிட்டித் தலைவர் எங்கள் வீட்டு வாசலில் நின்று அப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

“நம்ம தோட்டத்துலேர்ந்து நெறையப் பேரு போறாங்கன்னு காட்டணும் வாத்தியாரே. அப்பத்தான் இருக்கணும்னு கேக்குற நாலு பேருக்குக் கதவு தொறக்கும்.”

“அதெல்லாம் நான் பாத்துக்கிறேன்,” என்றார் அப்பா.

அந்த நாலு பேர் யார் என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை.

அத்தை போக மாட்டேன் என்றாள். காரணம் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. “அவுகள ஆத்தோரத்துல வச்சுட்டு நான் எங்க போறது,” என்றாள். அப்பா திட்டவில்லை. சரி, இருக்கிறதுக்கே எழுதுவோம், உன் துண்டுகளையெல்லாம் கொண்டா என்றார். அத்தையிடம் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. அவள் பிறப்புத் துண்டு, கல்யாணத் துண்டு, மாமாவின் மரணத் துண்டு, பையன்களின் பிறப்புத் துண்டுகள். லயத்தில் அவ்வளவு ஒழுங்காகக் காகிதம் வைத்திருந்தது அவள் ஒருத்திதான்.

அந்த ஞாயிறு அவளுக்கே பல்வலி. பிடுங்கி முடித்து டாக்டர் இடுக்கியைத் தட்டில் வைத்தார். வாயில் பஞ்சை வைத்துக்கொண்டே அத்தை இந்தச் செய்தியைச் சொன்னாள். டாக்டர் கை கழுவப் போனவர் நின்றார்.

“என்னா காகிதம்ங்க?”

“பெறப்புத் துண்டு, புள்ளைங்க துண்டு, எல்லாந்தான். எங்க அண்ணன் கேக்குறாரு. கொழும்புக்கு அனுப்பணுமாம்.”

“நகல் குடுங்க. ஒரிஜினல் குடுக்காதீங்க.”

“அண்ணன்தானுங்களே கேக்குறாரு.”

“அண்ணன் நல்லவருங்க. ஆபீசு ஆளும் நல்லவருங்க. எல்லாரும் நல்லவங்க.” அவருக்குச் சொல் கிடைக்கவில்லை. தன் வாயைத் திறந்து ஒரு பல்லைத் தொட்டுக் காட்டினார். “இது பால் பல்லு இல்லீங்க. போனா மொளைக்காது. காகிதமும் அப்படித்தான். எங்க ஊர்ல கேட்டாங்க. நானே கொண்டுபோய்க் குடுத்தேன். நல்ல சட்டை போட்டுக்கிட்டுப் போய்க் குடுத்தேன்.”

அத்தை பஞ்சை எடுத்துத் தட்டில் போட்டாள். பிறகு அந்த அம்மாவைப் பார்த்துச் சிங்களத்தில், டின்னை இங்கே வைத்துக்கொள்வீர்களா என்று கேட்டாள். காம்பிராவில் மழை ஒழுகுகிறது என்றும் சொன்னாள். அந்த வாரம் மழையே இல்லை. டாக்டர் மருந்து வைக்கிற இரும்பு அலுமாரியில் டின் போய் உட்கார்ந்தது. சாவியை அந்த அம்மா இடுப்பில் செருகிக்கொண்டார். நான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டின் தொலைந்துவிட்டது என்று அத்தை அப்பாவிடம் சொன்னாள். பொய் சொல்லத் தெரியாதவள், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அப்பா இரண்டு நாள் அதை விட்டுவிட்டார். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டு இங்கிலீஷ் பேப்பரில் ஒரு பத்தி வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். “இந்தத் தோட்டத்துல உனக்குத்தான் மூளை இருக்கு,” என்றார். அதுவரை என்னை அவர் பாராட்டியதே இல்லை.

“அத்தை டின்ன எங்கடி வச்சிருக்கா?”

நான் சொல்லிவிட்டேன். அடிக்கவில்லை, மிட்டாய் தரவில்லை, மிரட்டவில்லை. மூளை உள்ளவள் என்று காட்டிக்கொள்ளச் சொன்னேன்.

வந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா கோட்டு போட்டுக்கொண்டு புறப்பட்டார். கமிட்டித் தலைவர், இன்னும் எட்டு ஒன்பது ஆட்கள். வழி காட்ட என்னைக் கூட்டிப்போனார்கள். கடைத்தெருவில் துணிக்கடை எங்கே இருக்கிறது என்று யாருக்குத்தான் தெரியாது? என்னைக் கூட்டிப்போனது சாட்சிக்கு. படியில் பல்வலிக்காரர்கள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைத் தாண்டிக்கொண்டு ஏறினோம். கைகூப்பிய முப்பது பேரில் ஒருவருடைய தகப்பன் அன்றைக்குப் படியில் மூன்றாவது ஆளாக உட்கார்ந்திருந்தார். யார் என்று எழுத மாட்டேன். கைகூப்பியவருக்குத் தெரியும்.

டாக்டர் ஒரு கிழவனின் வாய்க்குள் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா இங்கிலீஷில் ஆரம்பித்தார். டாக்டர் தமிழில் பதில் சொன்னார், கிழவனுக்கும் புரியட்டும் என்றுதான் இருக்கும்.

“டின் இங்கதாங்க இருக்கு. குடுத்த அம்மா வரட்டும். அவங்க கையில குடுக்கிறேன்.”

“நான் அவ அண்ணன்.”

“தெரியுங்க. அந்த அம்மா வரட்டும்.”

கமிட்டித் தலைவர் வந்திருந்தவர்களைப் பார்த்துத் திரும்பி, “பாத்துக்கங்க. நம்ம சனத்தோட காகிதத்த இங்க பூட்டி வச்சிருக்கான். எத்தன பேருது இருக்கோ,” என்றார். படியில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். ஐந்து நிமிடத்துக்கு முன்பு அந்தக் கையால் பல் பிடுங்கிக்கொள்ள வந்தவர்கள். அவர்களில் ஒருவர், எனக்கும் சந்தேகம் இருந்துச்சு என்றார்.

“நாடு இல்லாத பயலுக்கு நம்ம நாட்டப் பத்தி என்னாடா பேச்சு?” என்றார் அப்பா. அப்போது அப்பாவுக்கும் நாடு கிடையாது. படியில் நின்ற ஒருவனுக்கும் கிடையாது. “பொலிசுக்குப் போவோம். வெளிநாட்டுக்காரன் தோட்டத்து ஆளுங்க காகிதத்தக் களவாண்டு வச்சிருக்கான்னு எழுதிக் குடுக்கிறேன். நாந்தான் எழுதுவேன்.”

பொலிஸ் என்ற சொல் எந்தப் பாஷையிலும் ஒன்றுதான். உள் அறையிலிருந்து பியானோக்காரர் வந்தார். தங்கையிடம் அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார். அந்த அம்மா தலையை ஆட்டி மறுத்தார். பியானோக்காரர் அந்த அம்மாவின் இடுப்பிலிருந்து சாவியைத் தானே உருவினார். டாக்டர் உரக்க ஒரு வார்த்தை சொன்னார், நிறுத்து என்பதாக இருக்கும். அவர் நிற்கவில்லை. சாவியைத் துவாரத்தில் பொருத்த அவர் கைக்கு வரவில்லை. எத்தனையோ பியானோவின் நூறு கம்பிகளைத் திருத்திய கை. ஒருவழியாகத் திறந்து, டின்னை இரண்டு கையாலும் பிடித்து அப்பாவிடம் நீட்டி, “சேர், ப்ளீஸ்,” என்றார். அவர் குரலை நான் கேட்டது அப்போதுதான்.

அப்பா டின்னை வாங்கிக்கொண்டார். அவருக்குப் பின்னால் நின்ற என்னை டாக்டர் வீட்டு அம்மா அப்போதுதான் கண்டார். சிங்களத்தில், நீயா என்று கேட்டார். அவ்வளவுதான். நான் அப்பாவின் கோட்டு நுனியைப் பிடித்துக்கொண்டேன்.

அத்தைக்கு அன்றே தெரிந்துவிட்டது. டின்னைப் பற்றி அப்பாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவர் எழுதிவைத்த ஃபாரத்தில், இருக்கிறதுக்குத்தானே அண்ணே என்று ஒரு தடவை கேட்டுவிட்டுப் பெருவிரல் வைத்தாள். ஆமாம் என்றார் அப்பா. என்னிடம் அவள் ஒரு மாதம் பேசவில்லை. பிறகு ஒருநாள், “நீ சின்னப்புள்ள, ஒன்னச் சொல்லி என்னா,” என்று தலையைத் தடவினாள். அதைவிட அடித்திருக்கலாம்.

ஊர் தன் வேலையைச் செய்தது. ஒரு டின் இருபது டின்னாயிற்று, பிறகு இருநூறாயிற்று. டாக்டர் காகிதங்களை வெளிநாட்டுக்கு விற்கிறார் என்றார்கள். கினிகத்தேனை பஸ்ஸில்கூட அந்தப் பேச்சு. பெரிய கிளாக்கர் தான் அன்றே சொன்னதாகச் சொன்னார். வேத டீச்சர் ஒரு வகுப்பு முழுவதும் அதைப் பற்றியே பேசினார். ஞாயிற்றுக்கிழமைகளில் படி காலியாகிவிட்டது. நம் ஆட்கள் பல்லைப் பிடுங்கிக்கொள்ளத் தோட்டத்து மருந்துக்காரரிடம் போனார்கள். அவர் ஒருவனுக்குத் தாடையையே பெயர்த்துவிட்டார். அப்போதும் யாரும் மாடிக்குத் திரும்பவில்லை, வெட்கம். வெட்கப்பட்டதாக ஒத்துக்கொள்ளவும் மனமில்லை. அந்த வெட்கத்தையும் டாக்டர் மீதே கோபமாக மாற்றிக்கொண்டார்கள்.

ஆறு மாதத்தில் அவர்கள் போய்விட்டார்கள். கிளம்பிய காலையில் நான் பள்ளிக்கூடம் போகும் வழியில் ஸ்டேசனைப் பார்த்தேன். மூன்று பெட்டி, அந்தக் காலால் மிதிக்கும் கருவி சாக்கில் சுற்றிக் கட்டியபடி. வழியனுப்ப வந்தது ஒரே ஆள், அத்தை. மலையிலிருந்து நேராக வந்திருந்தாள், இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை. மலையைப் பார்க்கும் கண்டாக்கு அரைப் பேர்தான் போட்டிருப்பான், அரை நாள் கூலி போயிருக்கும், அவள் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. இரண்டு பெண்களும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பியானோக்காரர் முதலில் ஏறி, ஜன்னலோரமாக இல்லாமல் உள்பக்கம் தள்ளி உட்கார்ந்தார். கோச்சி புறப்பட்டுக் குகைக்குள் போனது. நம் ஊர் யூத சமூகத்தின் வரலாறு அவ்வளவுதான். இதில் எந்த இடத்தில் செழித்தார்கள் என்று பலகை எழுதியவர்தான் சொல்ல வேண்டும்.

எங்கே போனார்கள் என்று அத்தைக்கு மட்டும் தெரிந்திருந்தது. அவள் யாரிடமும் சொல்லவில்லை, நாங்கள் கேட்கவும் இல்லை.

மூன்று வருடம் கழித்து அத்தைக்குக் கடிதாசி வந்தது. அவளும் பையன்கள் இருவரும் இந்தியப் பிரஜைகள், போக வேண்டும் என்று. அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

“இருக்கிறதுக்குன்னுதானே அண்ணே எழுதுனீங்க?”

“மேல மாத்திட்டானுங்க. நான் என்னா செய்ய?” என்றார் அப்பா. “நீ முன்னால போ. எங்க பேரும் அடுத்த பட்டியல்ல வருது. ஒரே எடமா இருப்போம்.”

அதற்கு இரண்டு வாரத்துக்கு முன்புதான் எங்களுக்கும் ஒரு கடிதாசி வந்திருந்தது. அப்பா அதை என்னையே வாசிக்கச் சொன்னார், இங்கிலீஷ் பழக. அவருக்கும் அவர் குடும்பத்துக்கும் இலங்கைப் பிரஜாவுரிமை. இருக்கணும்னு கேட்ட நாலு பேரில் ஒருவர் யார் என்று எனக்கு அன்றைக்குப் புரிந்தது. ஊரையே இந்தியா ஃபாரத்தில் பெருவிரல் வைக்கச் சொன்ன மனிதர், தனக்கு மட்டும் மற்ற ஃபாரத்தை எழுதிக்கொண்டிருந்தார்.

அத்தை புறப்பட்ட நாள் அந்த ஸ்டேசன் முழுவதும் அழுகை. தலைமன்னார் போகிற கோச்சியில் தோட்டம் தோட்டமாக ஏறினார்கள். ஏறாதவர்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். அத்தை அழவில்லை. ஜன்னல் வழியே என் கையைப் பிடித்து, “நெசமா பாப்பா? அடுத்ததுல வந்துருவீங்களா?” என்று கேட்டாள். எனக்கு அப்போது பதினான்கு வயது. சின்னப்புள்ள இல்லை. அப்பா பக்கத்தில் நின்றார்.

“ஆமா அத்தை, வந்துருவோம்,” என்றேன்.

கோத்தகிரிப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவளுக்கு வீடு கொடுத்தார்கள். அங்கேயும் கொழுந்தெடுக்கிற வேலைதான், தப்பவில்லை. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு கடிதம் வரும், பெரியவன் எழுதியது. எல்லாக் கடிதத்திலும் ஒரே செய்தி. பக்கத்து வீடு காலியாக இருக்கிறது. அண்ணன் குடும்பம் வருகிறது என்று ஆபீசில் சொல்லி வைத்திருக்கிறேன். வேறு யாரும் நுழையாதபடி வாசலில் அவரைக் கொடி போட்டிருக்கிறேன், நன்றாகக் காய்க்கிறது. எப்போது வருகிறீர்கள்? அப்பா ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினார், பட்டியல் தாமதம் என்று. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று பாதிக்கு மேல் என்னைத்தான் எழுதச் சொன்னார். ஆறு வருடம் எழுதினேன்.

ஏழாம் வருடம் பெரியவன் தானாக எழுதிய கடிதம் வந்தது. அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள், நெஞ்சுச்சளி. பக்கத்து வீட்டுக்கு வேறு குடும்பம் வந்துவிட்டது, இனி வர வேண்டாம் மாமா. அப்பா அதை இரண்டு தடவை வாசித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

“நல்ல பொம்பள. வெவரம் பத்தாது,” என்றார். பிறகு தேத்தண்ணி கேட்டார்.

நான் போட்டுக் கொடுத்தேன்.